கேட்டால் சொல்ல வேண்டும்: கல்வெட்டுக் கணக்கு முதல் பத்து ரூபாய் ஸ்டாம்ப் வரை



ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். அரசு அலுவலகத்திடம் தகவல் கேட்கும் உரிமையை இந்தியாவிலேயே முதலில் சட்டமாக்கிய மாநிலம் எது? ராஜஸ்தான் என்று சிலர் சொல்வார்கள், கேரளம் என்று சிலர். நம் தமிழ்நாடுதான். 1997 ஏப்ரலில், கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, தமிழ்நாடு தகவல் பெறும் உரிமைச் சட்டம் நிறைவேறியது. நாடு முழுவதுக்குமான சட்டம் வர அதற்குப் பிறகு எட்டு வருடம் ஆனது.

இதை நம் பிளாக்குகளில் பத்துப் பேரிடமாவது சொல்லிப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களில் இரண்டு பேர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள்! முதலில் வந்த சட்டத்தை ஊரே மறந்துவிட்டது. பின்னால் வந்த 2005-ஆம் வருடச் சட்டமோ "ஆர்.டி.ஐ போட்டுடுவேன்" என்று டீக்கடையில் பேசும் அளவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஏன் இந்த வித்தியாசம்? முப்பது வருடத்துக்கு மேல் பேங்கில் குமாஸ்தாவாக லெட்ஜர் எழுதியவன் என்ற முறையில் எனக்கு இதற்கு ஒரு பதில் தோன்றுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம்.

ஸ்ரீரங்கம் கோயிலுக்கு நாம் எத்தனை தடவை போயிருப்போம்! தரிசன வரிசையில் நிற்கும்போது பக்கத்துச் சுவரை எப்போதாவது உற்றுப் பார்த்ததுண்டா? அடியில் வரிவரியாக எழுத்து இருக்கும். அந்தக் கோயிலில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள். தமிழ் மட்டுமல்ல, சமஸ்கிருதம், கன்னடம், தெலுங்கு என்று பல மொழிகளில். இந்தியத் தொல்லியல் துறை இவற்றைத் தொகுத்துத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் 24-ஆம் தொகுதியாக 1982-ல் வெளியிட்டது. பக்திப் பாடல் இருக்கும் என்று நினைத்துப் புரட்டினால் ஏமாந்துபோவீர்கள். பெரும்பாலும் கணக்குதான். யார் கொடுத்தார், எவ்வளவு நிலம், நான்கு எல்லை எவை, எத்தனை பொன், அதிலிருந்து எந்தக் கட்டளை நடக்க வேண்டும் என்று விவரமாக இருக்கும்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்த சொல் ஒன்று உண்டு: "சாவா மூவாப் பேராடு". நுந்தா விளக்கு, அதாவது அணையாத விளக்கு ஒன்று எரிக்க வேண்டுமென்றால் 90 ஆடு அல்லது 96 ஆடு கோயிலுக்கு விடுவார்கள். அவற்றை வளர்ப்பவர் தினமும் அளந்து நெய் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஆடு சாகும், கிழடாகும், குட்டி போடும். ஆனால் கணக்கில் எண்ணிக்கை குறையக் கூடாது. அதனால் அது சாகாத, மூப்படையாத ஆடு. முதல் அப்படியே இருக்க வட்டி மட்டும் வருடா வருடம் வந்துகொண்டிருக்கும் ஃபிக்சட் டெபாசிட்தான் இது. காமர்ஸ் வகுப்பில் எங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நம் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கல்வெட்டுகளில் பலவற்றின் முடிவில் ஒரு வரி வரும். பெருமாள் கோயில் என்றால் "ஸ்ரீவைஷ்ணவ ரக்ஷை". திருவானைக்காவல் போன்ற சிவன் கோயில் என்றால் "பன்மாகேசுவர ரக்ஷை". இந்தத் தர்மத்தைக் காக்கும் பொறுப்பு அடியார்களுடையது என்று பொருள். ராஜா எழுதிக் கொடுத்ததாகவே இருந்தாலும் பாதுகாவல் கோயிலுக்கு வந்து போகிறவர்களிடம் விடப்பட்டிருக்கிறது. எழுதிய இடமும் அவர்கள் கண்ணில் படும் சுவர். பத்து வேலி நிலத்தை எட்டு வேலி என்று யாராவது சொன்னால், "வா, சுவரைப் பார்" என்று கூப்பிட முடியும்.

காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூர் கல்வெட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதலாம் பராந்தகன் காலம், 919 மற்றும் 921-ஆம் வருடம். குடவோலை முறையைப் பற்றி எல்லாரும் பெருமையாகப் பேசுவோம். அதிலுள்ள தகுதியின்மைப் பட்டியலைப் பற்றிப் பேசுவது குறைவு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்கக் கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்கக் கூடாது. நம் சங்கத்தின் பைலாவில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. அடுத்த பொதுக்குழுவுக்கு ஒரு யோசனையாக வைத்துக்கொள்ளுங்கள்!

இதையெல்லாம் சொல்லிவிட்டு அந்தக் காலம் பொற்காலம் என்று முடித்துவிட எனக்கு மனமில்லை. அந்தச் சுவரின் அருகே போக எல்லாருக்கும் அனுமதி இருந்ததா? எழுத்துக் கற்றவர் எத்தனை பேர்? கோயில் நுழைவுக்கான சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் வந்தது. அதுவரை பெருந்தொகையான மக்களுக்கு அந்தச் சுவரில் என்ன எழுதியிருந்தாலும் ஒன்றுதான். கணக்கைப் பொது இடத்தில் வைப்பது நம் ஊருக்குப் புதிதல்ல என்பதற்காக மட்டும் இதைச் சொன்னேன். "பொது" என்ற சொல்லுக்குள் யார் யார் இருந்தார்கள் என்பது வேறு கதை.

பிறகு கணக்கு சுவரிலிருந்து இறங்கிக் காகிதத்துக்கு வந்தது. காகிதம் பெட்டிக்குள் போனது. கும்பினியார் ஆட்சியிலும் அதற்குப் பின்னும் வருவாய்க் கணக்கு என்பது அரசுக்கு மிக முக்கியமான பொருள். கிராமத்தில் அதை வைத்திருந்தவர் கர்ணம். சிட்டா, அடங்கல், பட்டா விவரம் எல்லாம் அவர் வீட்டில்தான் இருக்கும். வேலை பெரும்பாலும் பரம்பரையாகவே போகும். அப்பாவுக்குப் பிறகு மகன், பெட்டியும் மகன் கைக்கு. லால்குடி, முசிறிப் பக்கத்திலிருந்து பயிர்க்கடன் கேட்டு எங்கள் கவுண்டருக்கு வந்த வயதான விவசாயிகள் அந்தக் காலத்துக் கதைகளைச் சொல்வார்கள். தன் நிலத்தின் சர்வே நம்பரைத் தெரிந்துகொள்ள அறுவடை நேரத்தில் கர்ணம் வீட்டுக்கு ஒரு மூட்டை நெல்லோடு போனதாக ஒருவர் சொன்னார். நிலம் அவருடையது, வரி கட்டுவது அவர். ஆனால் நிலத்தைப் பற்றிய தகவல் இன்னொருவர் வீட்டுப் பரணில். 1980 நவம்பர் 13 அன்று எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டுப் பகுதிநேரக் கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1982-ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அந்த இடத்துக்கு வந்தவர்தான் நாம் இப்போது வி.ஏ.ஓ. என்று அழைக்கும் கிராம நிர்வாக அலுவலர். இன்று சிட்டாவையும் ஏ-ரிஜிஸ்டரையும் செல்போனிலேயே பார்க்கிறோம். தகவல் உரிமை வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த 1980-ஐச் சேர்ப்பதில்லை. என்னைக் கேட்டால் சேர்க்க வேண்டும் என்பேன்.

மேல்மட்டத்தில் பூட்டு இன்னும் பெரியது. 1923-ஆம் வருட அலுவல் ரகசியச் சட்டம் ஒற்றர்களைப் பிடிக்கப் போட்டதுதான். ஆனால் அதன் நிழல் எல்லா அலுவலகங்களிலும் விழுந்தது. கோப்பு என்றாலே ரகசியம் என்ற மனநிலை வேரூன்றிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், இந்த வழக்கத்தை நமக்குக் கொடுத்துவிட்டுப் போன பிரிட்டனில் தகவல் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்ததும் நமக்கு வந்த அதே 2005-ல்தான். ஸ்வீடனில் மட்டும் 1766-லேயே அரசு ஆவணங்களைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்று சட்டம் போட்டுவிட்டார்கள்.

பேங்க்காரன் ரகசியத்துக்கு எதிராகப் பேசலாமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான சந்தேகம். வேலையில் சேரும்போதே விசுவாசமும் ரகசியமும் காப்பதாக உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் நாங்கள். உங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லக் கூடாது; அது சரி. அதே போர்வையைப் பேங்க் தன் மேலும் போர்த்திக்கொண்டு, தான் செய்த தவறுகளையும் ரகசியம் என்றால் அது சரியில்லை. 2015 டிசம்பரில் ரிசர்வ் வங்கி தொடர்பான ஜெயந்திலால் மிஸ்திரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. ரிசர்வ் வங்கியின் கடமை பொதுமக்களுக்கு. வங்கிகளின் பெயரைக் காப்பாற்றுவதற்காக ஆய்வறிக்கைகளை மறைத்து வைக்க முடியாது என்று தீர்ப்பு. வாடிக்கையாளரின் ரகசியம் வேறு, நிர்வாகத்தின் ரகசியம் வேறு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடி தேவைப்படும்.

கேட்கும் உரிமை என்ற பேச்சு நீதிமன்றத்தில் பலமாக எழுந்தது 1975 ஜனவரியில். உத்தரப் பிரதேச அரசுக்கும் ராஜ் நாராயணுக்கும் நடந்த வழக்கு. இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றியை எதிர்த்து வழக்குப் போட்ட அதே ராஜ் நாராயண்தான். பிரதமரின் பாதுகாப்பு ஏற்பாடுகள் அடங்கிய "புளூ புக்" என்ற ஆவணத்தை நீதிமன்றத்தில் காட்டச் சொன்னார். பொது ஊழியர்கள் பொது வேலையாகச் செய்யும் ஒவ்வொன்றையும் அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்ற கருத்தை நீதிபதி கே.கே. மேத்யூ அந்தத் தீர்ப்பில் எழுதினார். எழுதியது என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீஸில் போய் நின்றால் என்ன கிடைக்கும்? எந்த மேசையில், யாரிடம் கேட்பது என்பது அதில் இல்லை.

அந்த மேசையைத் தேடிப் போனவர்கள் ராஜஸ்தானில் கூலி வேலை செய்த ஏழை ஜனங்கள். வறட்சி நிவாரண வேலைக்குப் போவார்கள். பேசிய கூலி கிடைக்காது. கேட்டால், "மஸ்டர் ரோலில் நீ வேலை செய்ததாகப் பதிவு இல்லை" என்பார்கள். மஸ்டர் ரோலைக் காட்டு என்றால், அது அரசு ரகசியம். 1990-ல் அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் முதலியவர்கள் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு இதை விடாமல் பிடித்துக்கொண்டது. 1994 டிசம்பரில் இருந்து ஊர் ஊராகப் பொது விசாரணை நடத்தினார்கள். கிடைத்த கணக்கை எல்லார் நடுவிலும் சத்தமாகப் படிப்பார்கள். செத்துப்போனவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குப் பில் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். 1996 ஏப்ரலில் பியாவர் என்ற ஊரில் 40 நாள் தர்ணா. "நம் பணம், நம் கணக்கு" என்பது அவர்கள் முழக்கம். படித்தவர்கள் கருத்தரங்கில் பேசிய விஷயத்தை எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஒரு வவுச்சர் பிரச்சினையாகத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள்.

இந்தப் பரபரப்பு நாடு முழுக்கப் பரவிய அடுத்த வருடம்தான் நம் மாநிலச் சட்டம் வந்தது. முதல் என்ற பெருமை நமக்கு. ஆனால் சட்டத்தைப் படித்தால் பெருமை சற்றுக் குறைந்துவிடும். எதையெல்லாம் கொடுக்க வேண்டாம் என்ற விதிவிலக்குப் பட்டியல் இருபதைத் தாண்டி நீண்டது. கேட்டும் கொடுக்கவில்லை என்றால் முறையிடலாம். ஆனால் அரசிலிருந்து தனித்து நிற்கும் ஆணையம் எதுவும் இல்லை. கொடுக்காத அதிகாரிக்கு அபராதமும் இல்லை. அப்புறம் யார் பயப்படுவார்கள்? கோவா, ராஜஸ்தான், கர்நாடகம், மகாராஷ்டிரம் என்று மற்ற மாநிலங்களும் தங்கள் தங்கள் சட்டங்களைப் போட்டன. மத்திய அரசு 2002-ல் ஒரு சட்டம் நிறைவேற்றியது. அது நடைமுறைக்கே வரவில்லை. கடைசியில் 2005 மே மாதம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, ஜூன் 15-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்று, அக்டோபர் 12-ல் இப்போதைய சட்டம் அமலுக்கு வந்தது.

நான் சொல்வதாகச் சொன்ன பதில் இங்கேதான் இருக்கிறது. பேங்கில் ஒரு கடிதம் வந்தால் முதல் வேலை என்ன? இன்வர்டு ரிஜிஸ்டரில் நம்பர் போட்டுத் தேதி ஸ்டாம்ப் குத்துவது. அடுத்து, யார் மேசைக்குப் போகிறது என்று எழுதுவது. இந்த இரண்டும் இல்லாத கடிதம் வராத கடிதம்தான். பிராஞ்ச் மேனேஜர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. 1997 சட்டம் உரிமையைக் கொடுத்தது. 2005 சட்டம் தேதியையும் பெயரையும் கொடுத்தது. ஒவ்வோர் அலுவலகத்திலும் பொதுத் தகவல் அலுவலர் என்று ஒருவர் இருந்தே ஆக வேண்டும். மனு கிடைத்து 30 நாளுக்குள் பதில். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். கெடு தாண்டினால் நகல் கட்டணம் வாங்காமலே கொடுக்க வேண்டும். காரணமில்லாமல் தாமதித்தால் ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம்; அதுவும் துறையின் பணத்திலிருந்து இல்லை, அந்த அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து. இந்த ஒரு பிரிவுதான், 20-ஆம் பிரிவு, சட்டத்துக்கு உயிர் கொடுத்தது என்பது என் கட்சி. வழக்கறிஞர்கள் மாறுபடலாம்.

இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கக் கூடாது. இது 6(2) பிரிவு. 2014 செப்டம்பரில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓர் அமர்வு, மனுதாரர் காரணம் சொல்ல வேண்டும் என்று எழுதியது. ஒரு வாரத்துக்குள் அந்த நீதிபதிகளே இந்தப் பிரிவைக் கவனித்துத் தாமாகவே அந்தப் பத்திகளை நீக்கிவிட்டார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடியது. மற்றொன்று, தகவல் என்றால் காகிதம் மட்டுமல்ல. நடக்கும் வேலையை நேரில் பார்வையிடலாம், பயன்படுத்தும் பொருளின் மாதிரியைக் கூட எடுக்கலாம்.

நம் ஊருக்கு இது எப்படிப் பொருந்தும் என்று பாருங்கள். 2018 ஆகஸ்ட் நினைவிருக்கிறதா? வெள்ளத்தில் முதலில் பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி போயிற்று. சில நாளிலேயே, 22-ஆம் தேதி இரவு, முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய அணை அது. பிறகு 2022 நவம்பரிலிருந்து 2023 மார்ச் வரை காவிரிப் பாலத்தைப் பழுதுபார்ப்பதற்காக மூடினார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து மாம்பழச் சாலைக்கு வருவதற்கு நாம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்படி ஒவ்வொரு தடவையும் நாம் வாட்ஸ்அப்பில் ஆயிரம் ஊகம் செய்தோம். கடைசியாக எப்போது ஆய்வு செய்தார்கள், அந்த அறிக்கை என்ன சொல்லிற்று, எந்த ஒப்பந்ததாரர், எத்தனை வருட உத்தரவாதம்? இவையெல்லாம் எங்கோ ஒரு கோப்பில் எழுதப்பட்டிருப்பவை. பத்து ரூபாய்க்குக் கேட்கக் கூடியவை.

நான் இந்தக் குடியிருப்புக்கு வருவதற்கு முன் இருந்த தெருவில் ஒரு சம்பவம். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பின் தெருவின் முக்கால் பங்குக்கு மட்டும் தார் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மனு மேல் மனு கொடுத்தோம், பதில் இல்லை. தெருவில் இருந்த ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவர், "சார், ஏன் போடலைன்னு கேட்காதீங்க. எம்-புக் நகல் கேளுங்க" என்றார். செய்த வேலையின் அளவை எழுதிப் பில் போட ஆதாரமாக வைக்கும் அளவுப் புத்தகம் அது. 28-ஆம் நாள் நகல் வந்தது. முழுத் தெருவின் நீளமும் அதில் அழகாக எழுதியிருந்தது! அதை வைத்து மேல்முறையீடு, புகார் என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அடுத்த வாரம் ஒரு காலையில் ரோலர் வந்து நின்றது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மீதித் தெருவுக்கும் தார் விழுந்தது.

அந்த ஓவர்சியர் சொன்னது சட்டப்படியும் சரி. "ஏன்" என்ற கேள்விக்குப் பதில் யோசித்து எழுதித் தர வேண்டிய கடமை தகவல் அலுவலருக்கு இல்லை. இருக்கும் ஆவணத்தைத்தான் அவர் தர வேண்டும். ஆகவே, "எங்கள் பகுதிக்கு ஏன் தண்ணீர் சரியாக வரவில்லை?" என்று கேட்காதீர்கள். "இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை இன்ன மேல்நிலைத் தொட்டியின் நீர் விநியோகப் பதிவேட்டின் நகல்" என்று கேளுங்கள். வீட்டு வரி, காலிமனை வரி, நம் கட்டடத்துக்கு ஒப்புதல் கொடுத்த வரைபடம், நிறைவுச் சான்று, பக்கத்து மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த இடத்தின் விவரம் என்று குடியிருப்பில் இருக்கும் நமக்குக் கேட்க வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. ஒரு காலத்தில் ஸ்ரீரங்கத்துக்குத் தனி நகராட்சி இருந்தது. 1994-ல் அதுவும் பொன்மலை நகராட்சியும் திருச்சியோடு சேர்ந்து மாநகராட்சி ஆயின. அதற்கு முந்தைய பழைய ஆவணம் எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று நாம் அலைய வேண்டாம். தப்பான அலுவலகத்தில் கொடுத்தால் ஐந்து நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும் என்று 6(3) சொல்கிறது.

இனி ஒரு சங்கடமான கேள்வி. நம் சங்கத்திடமே ஆர்.டி.ஐ-யில் கேட்கலாமா? நேரடியாக முடியாது. அரசு நிதியில் நடக்காத, பதிவு மட்டும் பெற்ற சங்கம் "பொது அதிகார அமைப்பு" ஆகாது. கேரளக் கூட்டுறவு வங்கி ஒன்றின் வழக்கில், தலப்பாலம் வழக்கு என்பார்கள், 2013-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஆனால் அதே தீர்ப்பில் ஒரு வாசலும் இருக்கிறது. சட்டப்படி பதிவாளர் எந்தத் தகவலை ஒரு சங்கத்திடம் கேட்டுப் பெற முடியுமோ, அந்தத் தகவலைப் பொதுமக்கள் பதிவாளரிடம் கேட்கலாம். 1975-ஆம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி நம்மைப் போன்ற சங்கங்கள் பதிவாளருக்குக் கணக்கு அனுப்ப வேண்டியவை. அவ்வளவு தூரம் போக நேராமல் மாதா மாதம் வரவு செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடலாமே என்பது என் கருத்து. நிர்வாகக் குழுவில் சிலருக்கு இதில் உடன்பாடில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

சட்டத்துக்கு இப்போது நேரம் நன்றாக இல்லை. ஊழலைக் கண்டுபிடிக்கும் லஞ்ச ஒழிப்புத் துறைக்கே 2008-ல் நம் மாநில அரசு இந்தச் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டது. ஊழல் குற்றச்சாட்டு பற்றிய தகவலுக்கு அந்த விலக்குப் பொருந்தாது என்று சட்டத்திலேயே இருப்பது ஒன்றுதான் ஆறுதல். கேள்வி கேட்டவர்கள் உயிரையே கொடுத்ததும் உண்டு. 2010 ஜனவரியில் புனே அருகே சதீஷ் ஷெட்டி, அதே வருடம் ஜூலையில் அகமதாபாத்தில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலேயே அமித் ஜேட்வா. 2019-ல் வந்த திருத்தம் தகவல் ஆணையர்களின் பதவிக் காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசு தீர்மானிக்கும் என்று மாற்றியது. முன்பு சட்டத்திலேயே ஐந்து வருடம் என்று இருந்தது. இப்போது விதியின்படி மூன்று. தீர்ப்புச் சொல்கிறவரின் சம்பளம் வழக்கில் எதிர்க்கட்சியாக நிற்பவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்று ஆடிட் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதைவிட என்னை உறுத்துவது 2023-ஆம் வருட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் 44(3) பிரிவு, தகவல் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றி எழுதிவிட்டது. முன்பு, பொது வேலையோடு சம்பந்தமில்லாத தனிப்பட்ட தகவலை மறுக்கலாம் என்று இருந்தது. அதிலும் பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம். இப்போது அந்த வரிகள் போய், தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருங்கிவிட்டது. மேலே சொன்னேனே, வாடிக்கையாளரின் ரகசியம் வேறு, நிர்வாகத்தின் ரகசியம் வேறு என்று? அந்தக் கோடுதான் இங்கே அழிகிறது. ராஜஸ்தான் ஜனங்கள் கேட்ட மஸ்டர் ரோலை நினைத்துப் பாருங்கள். அது முழுக்க முழுக்கப் பெயர்ப் பட்டியல்தான். பெயரை மறைத்துக் கொடுத்தால் செத்தவர் கூலி வாங்கியதை யார் கண்டுபிடிப்பது? எம்-புக்கில் கையெழுத்துப் போட்ட அதிகாரியின் பெயரும் தனிநபர் தகவல்தானே என்று நாளை ஒருவர் சொல்லக்கூடும். பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. மனுவிலோ மேல்முறையீட்டிலோ அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

நடைமுறை விவரம் கேட்பவர்களுக்கு: மாநில அரசு அலுவலகம் என்றால் வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். தொடக்கத்தில் நம் மாநிலத்தில் 50 ரூபாயாக இருந்து பிறகு குறைந்தது. ரயில்வே, தபால் துறை போன்ற மத்திய அலுவலகம் என்றால் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர். இணையம் வழியாகவும் அனுப்பலாம். தபாலில் அனுப்பினால் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், 30 நாள் கணக்கு அதிலிருந்துதான். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு. அதற்கும் மேல் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு. மாதிரி மனு இரண்டு எழுதிச் சங்க அலுவலகத்தில் செக்யூரிட்டி மேசைக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் வந்தால் நானும் இருப்பேன். ஸ்டாம்ப் மட்டும் நீங்கள் வாங்கிக்கொண்டு வாருங்கள்.